வடிகட்டியார் வீட்டு மரப்பெட்டி

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதப் புகுந்தவர்கள் அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். வடிகட்டியார் பிறந்த வீடு எது என்பதில் அவர் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆகவே அவர் படி ஏறி இறங்கி விற்ற டீ வடிகட்டியிலிருந்து தொடங்குவதே நியாயம்.

மீசை முளைத்த வயதில் டீ வடிகட்டி. கல்யாணமான புதிதில் தண்ணீர் வடிகட்டி. தலையில் முடி குறைந்து இடுப்பில் சுற்றளவு கூடிய காலத்தில், தொழிற்சாலைகளின் புகைபோக்கிக்கு மாட்டும் புகை வடிகட்டி. தேயிலைத் தூளில் ஆரம்பித்துக் கரித்தூள் வரைக்கும் உயர்ந்த மனிதர். இடையில் ஒரு நாள்கூட எதையும் வடிகட்டாத பொருளை அவர் விற்றதில்லை. பெற்றோர் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்க, ஊர் அவரை வடிகட்டியார் என்றே மரியாதையோடு கூப்பிட்டது.

அவர் கடைசியாக விற்ற இயந்திரம் பார்ப்பதற்கு ஒரு பெரிய இரும்பு அலமாரி. பாய்லரிலிருந்து வரும் புகை முதலில் அதிலுள்ள குழாய்களுக்கு நடுவே நுழைந்து தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். பிறகு வரிசையாகத் தொங்கும் நீளமான துணிப் பைகளுக்குள் புகும். கரி பையில் தங்கிவிடும். காற்றை மட்டும் ஒரு விசிறி இழுத்து வெளியே தள்ளும். விறகும் மிச்சம், வானமும் சுத்தம். இதை அவர் முதன்முதலில் வீட்டில் படம் போட்டு விளக்கியபோது, மனைவி வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவுதானா? தலையணை உறை. இதுக்கா கழுத்துல டை கட்டிக்கிட்டுப் போறீங்க?"

அந்த அம்மாள் தையல்காரர். மருத்துவமனை நர்சுகளுக்கு வெள்ளைச் சீருடை தைக்கிறவர். துணிப் பை விஷயத்தில் அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஒரு முதலாளி எதற்காகப் புகை வடிகட்டி வாங்குகிறார் என்ற கேள்விக்கு உலகத்தில் பல அறிஞர்கள் விடை தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வடிகட்டியார் அந்த விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிஸ்கட் கம்பெனிக்காரர் வாங்கியது, கடல் கடந்த வியாபாரி ஒருவர் "உங்களிடம் புகை வடிகட்டி இருக்கிறதா?" என்று கேட்டு எழுதியதால். "இருக்கிறது" என்று பதில் போட்டுவிட்டு, தபாலில் சேர்த்த கையோடு போன் செய்து ஆர்டர் கொடுத்தார். இரும்புப் பட்டறைக்காரர் வாங்கியது, கறாரான புதிய அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்ததால். அந்த அதிகாரி ஒரு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, அவசரப்பட்டுவிட்டோமே என்று பட்டறைக்காரர் கண் கலங்கினார். பெயிண்ட் கம்பெனி முதலாளியின் கதை இன்னும் உருக்கமானது. கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்த மகள், "அப்பா, உங்களாலதான் உலகமே கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். வடிகட்டி வாங்கிய அன்று மறுபடி பேசினாள். என்ன பேசினாள் என்றால், "பைக் வாங்கித் தாங்க."

காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக யாராவது வாங்கினார்களா என்று கேட்டால் வடிகட்டியார் கொஞ்சம் யோசிப்பார்.

"அப்படி ஒருத்தர் இருக்காரு. பூமித்தாயைப் பத்திப் பேசிப் பேசி என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நானும் அழுதேன். இன்னும் வாங்கலை."

இவ்வளவு அனுபவமும் கெட்டிக்காரத்தனமும் உள்ள மனிதர் குடியிருந்த வீட்டுக்கு நேர் எதிரே, தெருவின் வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, ஒரு புகைபோக்கி நின்றது. அதில் வடிகட்டி கிடையாது.

அது சலவைத் தொழிற்சாலையின் புகைபோக்கி. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வண்டி வண்டியாக அழுக்காக உள்ளே போய் வெள்ளைவெளேரென்று வெளியே வரும். விறகும் மரத்தூளும் எரிகிற பாய்லர். ஊர் அழுக்கெல்லாம் போகிற இடத்திலிருந்து கரித்தூள் மட்டும் கிளம்பி, எதிர்வீட்டு அம்மாள் தைத்து மாட்டியிருக்கும் வெள்ளைச் சீருடைகளின் தோளில் பதமாக இறங்கும். ஜன்னலைச் சாத்தினால் அறை அடுப்பாகிவிடும். திறந்தால் நர்சுகளெல்லாம் கரி வியாபாரிகளாகிவிடுவார்கள். அம்மாள் என்ன செய்வார்? கறைபட்ட சீருடைகளை மூட்டை கட்டி, எதிரிலிருக்கும் அதே சலவைக்கே அனுப்புவார். வேறு எங்கே அனுப்புவது? பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் அழகை முதலாளி நன்றாக உணர்ந்திருந்தார். அவருக்குக் கஞ்சி முதலாளி என்று பெயர். சட்டைக்குப் போடும் கஞ்சியால் வந்த பெயர் அது. அவர் உட்காரும்போது சட்டை உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

"தம்பி, என் புகைபோக்கி மாதிரி எனக்கு வியாபாரம் புடிச்சுக் கொடுக்கிற ஆளு வேற யாரு இருக்கா? சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. அதுக்குப் போயி முகமூடி மாட்டச் சொல்றீங்களே?"

வடிகட்டியார் தன்னிடமிருந்த எல்லாச் சாவியையும் அந்தப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தவர். விறகு மிச்சம் என்றார். "விறகுக்காரன் என் சொந்த மச்சான். நான் விறகைக் குறைச்சா வீட்ல எனக்குச் சோறு குறையும்" என்றார் கஞ்சி. சட்டம் என்றார். அதிகாரிகள் வருவதற்கு முன்னால் தகவல் சொல்லிவிட்டு வருகிற பண்பாளர்கள் என்றும், அன்று பாய்லர் விரதம் இருக்கும் என்றும் பதில் வந்தது. மனசாட்சி என்று ஆரம்பித்தார். அடுத்த வாரமே கஞ்சி முதலாளி வாசலில் ஒரு பூந்தொட்டி வைத்து, தன் மனசாட்சியை அதில் நட்டுவிட்டார். அந்தச் செடியின் இலையும் கொஞ்ச நாளில் கறுத்தது.

கடைசியில் கஞ்சி முதலாளி உண்மையைச் சொன்னார்.

"அந்தப் பக்கத்துக்காரர் வைக்கட்டும் தம்பி. அவர் வெச்சா நானும் யோசிக்கிறேன்."

அந்தப் பக்கத்துக்காரர் என்பவர் ஊரின் மறுகோடியில் இன்னொரு சலவைத் தொழிற்சாலை நடத்துகிறவர். கால்சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம் என்பதால் அவர் மடிப்பு முதலாளி. இந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே தொழில் செய்தார்கள். கஞ்சி வண்டிக்கு நீலப் பெயிண்ட் அடித்தால் மடிப்பின் வண்டியும் அதே வாரம் நீலமாகும். மடிப்பு கல்லாவில் ஒரு மணி வைத்தால் கஞ்சி அதைவிடப் பெரிய மணி வைப்பார். துணி வெளுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடும் போட்டி. வடிகட்டியார் மடிப்பு முதலாளியிடமும் போய் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டியவர்தான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரொம்ப நல்ல சாமான். கஞ்சி வெச்சுட்டாரா? இல்லையா? அப்ப அவர் வெக்கட்டும், பாக்கலாம்."

இப்படி இரண்டு பேரும் கதவு முன்னால் நின்று "நீங்க முதல்ல போங்க" என்று உபசாரம் செய்துகொண்டிருக்க, ஊர் இருமிக்கொண்டிருந்தது.

வீட்டில் விஷயம் முற்றியது. ஒரு மத்தியானம் மனைவி, சுவரில் மாட்டியிருந்த சீருடை ஒன்றை எடுத்து உதறினார். மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரின் தட்டில் கரி தூவியது.

"பாத்தீங்களா? மிளகுத்தூள் வேணுமா, போதுமா?"

"என்னம்மா செய்யச் சொல்றே? நானும் சொல்லாத நாளில்லை."

"ஊர்ல இருக்கிற புகையையெல்லாம் வடிகட்டிட்டீங்க. நம்ம மூக்குக்கு நேரா இருக்கிறதை விட்டுட்டீங்க. மருத்துவமனையில போன தடவை ரெண்டு சீருடையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை கறையோட வந்தா வேற ஆள் பாத்துக்கிறோம்னு அந்த மேட்ரனம்மா சொல்லிட்டாங்க. என் பொழப்புங்க இது."

வடிகட்டியார் கரி விழாத ஓரத்திலிருந்து ஒரு வாய் எடுத்தார். மனைவி தொடர்ந்தார்:

"அக்கா தெருவுல ஒரு வீடு காலியாகுது. பெயிண்ட் அடிச்சுட்டு இருக்காங்க. முடிஞ்சதும் நாம அங்க போறோம். அக்கா தெருவுலயும் புகை வரும்தான், ஆனா இந்த அளவுக்கு இல்லை."

"இந்த வீட்டை விட்டா?"

"நீங்க வேணா இங்கயே இருங்க. கஞ்சி அண்ணனுக்குத் துணைக்கு."

வடிகட்டியாருக்கு நெஞ்சில் விழுந்த அடி அது. வீடு போவது ஒரு பக்கம். புகை வடிகட்டி விற்கிறவன் புகைக்குப் பயந்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடினான் என்று ஊரில் பேச்சு வந்தால், நாளை எந்த முதலாளி முகத்தில் விழிப்பது? "உங்க எதிர்வீட்டுக்கே உங்களால விக்க முடியலையே" என்று ஒரே ஒரு ஆள் கேட்டுவிட்டால் தொழில் முடிந்தது. அந்தக் கேள்வியை யாரும் கேட்காமலிருந்ததே இதுவரை அவருக்கு நடந்த பெரிய அதிர்ஷ்டம்.

ஆனாலும் மனைவி கேட்டதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் கேட்டது ஒரு பெரிய பெட்டி. தையல் இயந்திரமும் அதன் இரும்புக் காலும் துணி வெட்டும் பலகையும் அடிபடாமல் போக வேண்டும். வடிகட்டியார் கம்பெனி கிடங்கில் சொல்லி, காலியாகக் கிடந்த ஒரு மரப்பெட்டியைக் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு குறை. அது வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. நேராக முயன்றார்கள், படுக்கவைத்து முயன்றார்கள், கதவைக் கழற்றலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். தெருவும் குறுகல். எதிரே சலவைத் தொழிற்சாலையின் வாசல் பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமான இடம் இருந்தது. மனைவி தெருவைக் கடந்துபோய்ச் சொன்னார்:

"அண்ணே, எங்க பெட்டி ஒண்ணு கொஞ்ச நாள் உங்க மதில் ஓரமா நிக்கட்டுமா? வீடு மாத்துறோம்."

கஞ்சி முதலாளிக்கு உண்மையிலேயே வருத்தம். மாதாமாதம் மூட்டையாகத் துணி போடுகிற வாடிக்கையாளர்.

"தாராளமா நிக்கட்டும் தங்கச்சி. ஆனா போறதுக்கு முன்னாடி வீட்டுத் துணியெல்லாம் ஒரு தடவை நம்ம கிட்டப் போட்டுட்டுப் போயிடுங்க."

இப்படியாக, ஒரு ஆள் உயரத்துக்கு மேலான மரப்பெட்டி ஒன்று சலவைத் தொழிற்சாலையின் வாசலை ஒட்டி நின்றது. அதன் நான்கு பக்கமும் புகை வடிகட்டிக் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில். கூடவே ஒரு புகைபோக்கியின் படம், அதன் உச்சியில் புகைக்குப் பதிலாக ஒரு பச்சை இலை. அடியில் "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி. அதில் யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்பதை நாம் இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறோம். வடிகட்டியாரின் மூளைக்கு அப்படி ஒரு யோசனை வந்திருந்தால் அவர் எப்போதோ கம்பெனிக்கு முதலாளியாகியிருப்பார்.

அடுத்த நாள் மடிப்பு முதலாளியின் நீல வண்டி அந்தத் தெரு வழியாகப் போனது. போட்டிக்காரர் வாசலைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டுவது அந்த டிரைவரின் வேலையில் ஒரு பகுதி. அன்று நிறுத்தியே விட்டார். நாலு பேர் சேர்ந்து போர்வையில் சுற்றிய ஏதோ கனமான இரும்புச் சாமானைப் பெட்டியருகே பதனமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது தையல் இயந்திரத்தின் கால். அது டிரைவருக்கு எப்படித் தெரியும்?

"என்ன வாட்ச்மேன், பெட்டி பெருசா இருக்கு?" என்று கஞ்சி முதலாளியின் காவலாளியைக் கேட்டார்.

காவலாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது.

"பெரிய விஷயம்ப்பா. வெளிய சொல்லக் கூடாது."

நீல வண்டி அங்கிருந்து கிளம்பிய வேகத்தில் விரிப்புகள் எல்லாம் கசங்கியிருக்கும்.

வடிகட்டியார் அன்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மடிப்பு முதலாளி.

"ஏன் தம்பி, இத்தனை வருஷப் பழக்கம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதைங்க?"

"கஞ்சிக்கு மெஷின் வந்து இறங்கிடுச்சாமே."

"ஐயோ, இல்லைங்க. அது எங்க வீட்டுப் பெட்டி. உள்ள தையல் மெஷினுதான்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"தையல் மெஷினு! நல்லா இருக்கு தம்பி. நானும் வியாபாரிதான்."

"சத்தியமாங்க. வீடு மாத்துறோம். பாத்திரம், குண்டா எல்லாம்தான் உள்ள போகப்போகுது."

"குண்டா! சரி, சரி. அவர் வாயைத் திறக்காதேன்னு சொல்லியிருப்பாரு. உங்க நாணயத்தை நான் மெச்சுறேன். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அவர் மாட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு மாட்டணும். முடியுமா, முடியாதா?"

வடிகட்டியார் மூன்றாவது தடவையும் உண்மையைச் சொன்னார். அது அவருடைய வியாபார வாழ்க்கையிலேயே ஒரு சாதனை. மூன்றாவது தடவை சொன்னபோது மடிப்பு முதலாளிக்குச் சந்தேகம் அறவே தீர்ந்துபோய், "இவ்வளவு மறைக்கிறீங்கன்னா பெரிய சைஸ்தான். எனக்கும் அதே சைஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"உண்மையைச் சொன்னீங்க. வியாபாரமும் ஆச்சு. ரெண்டும் ஒரே நாள்ல நடந்தது இதுதான் முதல் தடவை, இல்லே?"

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மடிப்பு முதலாளியின் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பதை வடிகட்டியார் சந்தோஷத்தில் மறந்துவிட்டார். மனைவியின் அக்கா தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே இயந்திரம் மாட்டி விசிறி ஓட ஆரம்பித்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அடியே, துணி வெள்ளையா காயுதுடி! மொட்டை மாடியில போர்வையை மறந்துட்டேன். சாயந்தரம் போயி எடுத்தா அப்படியே இருக்கு. வீட்டுக்கு ரெண்டாவது கோட்டு பெயிண்ட்டும் அடிச்சாச்சு. எப்ப வர்றீங்க? மாப்பிள்ளை இருக்காரா? மாப்பிள்ளை, உங்க புண்ணியம்!"

மாப்பிள்ளை இருந்தார். ஆனால் புண்ணியம் செய்த முகம் இல்லை. இருந்த ஒரே சாக்கும் போயிற்று. அங்கேயும் புகை வரும் என்று இனி சொல்ல முடியாது. மனைவியைத் தன் கையாலேயே தங்கத் தட்டில் வைத்து அக்கா தெருவுக்கு வழியனுப்பியது போலாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுவது என்று முடிவானது. பெட்டியில் பாத்திரங்கள் இறங்கத் தொடங்கின.

இதற்கிடையில் கஞ்சி முதலாளியின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. அவரை எல்லோரும் பாராட்டினார்கள்.

பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நின்று கையைக் குலுக்கினார்கள். தெருமுனை மருந்துக் கடைக்காரர், "நல்ல காரியம் பண்றீங்க, இருமல் மருந்து விக்காமப் போனாலும் பரவாயில்லை" என்றார். ஊரிலேயே பெரிய ஹோட்டலின் மேனேஜரம்மா விரிப்புக் கணக்குப் பேச வந்தவர், பெட்டி முன்னால் நின்று பச்சை இலையைத் தொட்டுப் பார்த்து, "உங்களை மாதிரி தொலைநோக்கு யாருக்கு வரும்?" என்றார். கஞ்சி முதலாளி முதல் ஆளிடம் "அது எதிர்வீட்டுப் பெட்டி" என்று சொல்ல வாயெடுத்தது உண்மை. ஆனால் பாராட்டு என்பது வெந்நீர்க் குளியல் மாதிரி. உள்ளே இறங்கிவிட்டால் எழுந்திருக்க மனசு வராது. இரண்டாவது ஆளிடம் சும்மா தலையை ஆட்டினார். மேனேஜரம்மாவிடம், "ஏதோ நம்மால முடிஞ்சது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை. மேனேஜரம்மா போனில் வந்தார். மடிப்பு முதலாளி தன் வாசலில் "புகையில்லாச் சலவை" என்று பலகை மாட்டியிருக்கிறார், ஹோட்டலுக்கு வருகிற விருந்தாளிகளெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். பிறகு இனிமையாக, "உங்களுக்குத்தான் முதல்ல வந்துச்சே, நீங்க இன்னும் ஏன் மாட்டலை?" என்று கேட்டார்.

கஞ்சி முதலாளி தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னாலேயே அவர் சட்டை நுழைந்தது.

"தம்பி, இது நியாயமா? பெட்டி என் வாசல்ல நிக்குது. மெஷின் அவன் வீட்டுக்குப் போகுது!"

வடிகட்டியார் எழுந்து நின்றார். "முதலாளி, அந்தப் பெட்டி எங்க வீட்டு..."

"எனக்குத் தெரியும்யா, எனக்குத் தெரியும்! தெரியாதவனுக்குச் சொல்லுங்க. ஊரே எனக்குக் கை குடுத்திருக்கு. இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது?"

"நீங்க அன்னைக்கே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார் மனைவி, தையல் இயந்திரம் போன இடத்தில் தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்தபடி.

"தங்கச்சி, நீங்க சும்மா இருங்க. தம்பி, அவனுக்குப் போட்டதைவிட ஒரு சைஸ் பெருசா எனக்குப் போடணும்."

"உங்க பாய்லருக்கு அந்த சைஸே அதிகம் முதலாளி."

"உள்ள இருக்கிறது எப்படியோ இருக்கட்டும். வெளிய பெருசா தெரியணும்."

"உங்க மச்சான்? விறகு குறையுமே?"

கஞ்சி முதலாளி ஒரு நிமிஷம் கலங்கினார். பிறகு வீரத்தோடு, "ஹோட்டல் போனா மொத்த விறகும் போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

மனைவி பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லச் சொன்னார். பெட்டியிலிருந்து தையல் இயந்திரத்தை மட்டும் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். பாத்திரங்களை எடுக்கச் சொல்லவில்லை.

"ஏம்மா, அதையும் எடுத்துடலாமே?"

"மாட்டட்டும். மாட்டி ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்."

மாட்டினார்கள். திறப்பு விழா நடந்தது. கஞ்சி முதலாளி பேசினார். சிறு வயதிலிருந்தே தனக்கு வானத்தைப் பார்க்கப் பிடிக்கும் என்றும், அந்த வானத்துக்குத் தன்னால் ஆன சிறு காணிக்கை இது என்றும் சொன்னார். காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் மடிப்பு முதலாளியுடையதைவிட இரண்டு மடங்கு பெரிய பலகை ஏறியது. விசிறி சத்தத்தோடு ஓடியது. புகைபோக்கியின் வாயில் ஒன்றுமே தெரியவில்லை. வடிகட்டியார் ஒரு பொழுது முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஜன்னலைத் திறந்துவைத்துத் தைத்தார். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குத் திரும்பின. காலிப் பெட்டியைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த சந்தில் தள்ளி வைத்தார்கள்.

கொஞ்ச நாள் போயிற்று. மருத்துவமனையிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. மத்தியானம் அம்மாள் ஒரு சீருடையை எடுத்து உதறினார். தூவியது.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். விசிறி சத்தம் இல்லை.

விசாரித்ததில் விஷயம் எளிமையானது. விசிறிக்கு மின்சாரம் செலவாகிறது. ஆகவே ஹோட்டல்காரர்கள் வருகிற நாளில் மட்டும் அது ஓடும். மற்ற நாட்களில் புகை அந்த இரும்பு அலமாரிக்குள் நுழையாமல் பக்கவழியாகப் போய்விடும். பலகை மட்டும் எல்லா நாளும் தொங்கும்.

வடிகட்டியார் தலையைச் சொறிந்தார். "நம்ம வேலை விக்கிறதோட முடிஞ்சதும்மா. ஓட்டுறது அவங்க கையில. எல்லா இடத்துலயும் இதுதான். பட்டறைக்காரர் அதுக்குள்ள கோழி வளக்குறாரு."

"உங்க வேலை முடிஞ்சுது. என் வேலை இனிமேதான். அந்தப் பெட்டி இன்னும் சந்துலதானே இருக்கு?"

"இருக்கு. எதுக்கு?"

"பழைய இடத்துக்குத் தள்ளிட்டு வாங்க."

நாலு பேர் தள்ளி, பெட்டி மறுபடி சலவைத் தொழிற்சாலையின் வாசலில் வந்து நின்றது. இந்தத் தடவை மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அம்மாள் அதன் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டன் தைக்க ஆரம்பித்தார்.

முதலில் மருந்துக் கடைக்காரர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். காலியாக இருப்பதைப் பார்த்தார். நேராக உள்ளே போய், "ஏன் முதலாளி, மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்களாமே?" என்று துக்கம் விசாரித்தார். அடுத்து மடிப்பு முதலாளியின் நீல வண்டி வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

கஞ்சி முதலாளி வெளியே ஓடி வந்தார். சட்டை கொஞ்சம் தாமதமாக வந்தது.

"தங்கச்சி, பெட்டி எதுக்கு?"

"சும்மாதாண்ணே. சந்துல ஈரம். வெயில்ல காய வெக்கிறேன்."

"மேனேஜரம்மா நாளைக்கு வர்றாங்க!"

"வரட்டும். அவங்களையும் பாத்து ரொம்ப நாளாச்சு. கேட்டா சொல்றேன், காய வெச்சிருக்கேன்னு. உண்மையைத்தானே சொல்லப்போறேன்?"

உண்மையை யாரும் நம்புவதில்லை என்பது இதற்குள் அந்தத் தெருவில் நிரூபணமாகியிருந்தது. கஞ்சி முதலாளி பெட்டியைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். அம்மாள் மடியிலிருந்த சீருடையின் தோளில் கரியைப் பார்த்தார்.

"யோவ்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "அந்த விசிறியைப் போடுய்யா! யார் நிறுத்தினது? எத்தனை தடவை சொல்றது?"

விசிறி ஓட ஆரம்பித்தது. அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்து, சீருடையை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு, முக்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அந்த வருஷம் வடிகட்டியாரின் கம்பெனி, வாடிக்கையாளர்கள் ஏன் இந்தப் புதுமையை ஏற்றார்கள் என்று ஒரு வாக்கியத்தில் எழுதி அனுப்பச் சொன்னது. அவர் நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "முதலாளியின் சுற்றுச்சூழல் அக்கறை" என்று எழுதினார். அது ஒரு கேடயமாகி இப்போது கஞ்சி முதலாளியின் கல்லாவுக்கு மேலே, பெரிய மணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

கூடவே கிடங்கிலிருந்தும் ஒரு போன் வந்தது. இரவல் போன மரப்பெட்டி ஒன்று திரும்பி வரவில்லையாம்.

"பெட்டியைக் கேக்குறாங்கம்மா" என்றார் வடிகட்டியார்.

மனைவி குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார்.

"உபயோகத்துல இருக்குன்னு சொல்லுங்க."